மண்ணுக்கு உரியவர் யார்?
இந்தியாவும் நைஜீரியாவும் – ஓர் ஒப்புநோக்கு

நம் சங்கத்தின் ஆண்டு விழாக்களில் கணியன் பூங்குன்றனாரை நினைவுகூராத மேடை இல்லை. அப்பெரும் புலவரின் புறநானூற்றுப் பாட்டை நம் சிறுவர்கள் மழலை மாறாக் குரலில் ஒப்புவிக்கும்போது பெற்றோர் உள்ளம் பூரிக்கிறது. ஆயினும், விழா முடிந்து வீடு திரும்பிய சில நாட்களில், கல்லூரிச் சேர்க்கைக்கோ அரசாங்க வேலைக்கோ உரிய விண்ணப்பத்தாளை விரித்து வைத்ததும் அதிலுள்ள ஒரு கட்டம் நம் பேனாவைத் தடுத்து நிறுத்துகிறது. சொந்த ஊர் எது? பூர்விக மாநிலம் எது? தந்தை தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரைச் சொல்கிறார். மகனோ அவ்வூரைக் கோடை விடுமுறையில் இரண்டொரு முறை கண்டவன். அவன் பிறந்ததும், ஓடி விளையாடியதும், நண்பரைத் தேடிக்கொண்டதும் இந்தக் குடியிருப்பில்தான். எந்தப் பெயரை எழுதுவது?

சென்ற இடத்தையெல்லாம் தன் இடமாகக் கருதுவது வந்தவனுடைய உள்ளத்தின் விரிவு. வந்தவனைத் தன்னவனாக ஏற்பது இருப்பவனுடைய உள்ளத்தின் விரிவு. முன்னது நம் கையில் உள்ளது. பின்னது பிறர் கையில் உள்ளது. பிறர் கையில் உள்ளதை அவர்தம் பெருந்தன்மைக்கே விட்டுவிடுவதா, அல்லது அதற்கு ஒரு சட்டம் வேண்டுமா? அயல் ஆட்சியிலிருந்து விடுபட்ட ஒவ்வொரு நாடும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டியிருந்தது. அவற்றுள் இந்தியாவும் ஆப்பிரிக்காவின் நைஜீரியாவும் சொன்ன விடைகளை இங்கே அருகருகே வைத்துக் காண முயல்வோம். இரண்டும் ஆங்கிலேயர் ஆண்ட நாடுகள். இரண்டிலும் மொழிகள் பல. இரண்டும் கூட்டாட்சியை ஏற்றவை. இரண்டும் விடுதலைக்குப் பின் தம் உள்நாட்டு எல்லைகளை அழித்து எழுதியவை. ஒப்பிடுவதற்கு இதைவிடப் பொருத்தமான இணை கிடைப்பது அரிது.

அயலார் வரைந்த கோடுகள்

ஆங்கிலேயர் ஒரு நிலப்பகுதியைக் கைக்கொண்டபோது, அங்குள்ளோர் என்ன மொழி பேசினர் என்று கேட்டு எல்லை வகுக்கவில்லை. போர்களின் வரிசையிலும், உடன்படிக்கைகளின் வரிசையிலும், வரி தண்டுவதற்கு வாய்ப்பான முறையிலும் மாகாணங்கள் வளர்ந்தன. தமிழரும், ஆந்திரரும், மலபார் மலையாளிகளும், தென் கன்னட மாவட்டத்தாரும் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அடங்கிய ஒரே மாகாணத்தார் ஆயினர். மராத்தியரும் குஜராத்தியரும் பம்பாய் மாகாணத்தில் ஒருங்கே வைக்கப்பட்டனர்.

நைஜீரியாவின் கதையும் இத்தகையதே. 1861-இல் லாகோஸ் நகரைக் கைக்கொண்ட ஆங்கிலேயர் படிப்படியாக உள்நாட்டில் பரவி, தென்பகுதியையும் வடபகுதியையும் தனித்தனியே ஆண்டு வந்தனர். 1914-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் லுகார்டு பிரபு இரண்டையும் ஒன்றாக இணைத்தார். அந்நாட்டுக்கு வழங்கும் பெயரைக்கூட, 1897-இல் ஃபுளோரா ஷா என்னும் ஆங்கிலப் பத்திரிகையாசிரியை இலண்டன் இதழ் ஒன்றில் எழுதி வழக்குக்குக் கொணர்ந்தார். பின்னாளில் அவர் லுகார்டின் துணைவியாரும் ஆனார். வடக்கே ஹௌசா, ஃபுலானி மக்கள். பழைய இசுலாமிய அமீரகங்கள். தென்மேற்கே யோருபா மக்கள். தென்கிழக்கே இக்போ மக்கள். இவர்களுக்கிடையே சிறுபான்மை இனத்தார் பலர். மொழிகளின் எண்ணிக்கை ஐந்நூறுக்கு மேல் என்பர்.

இணைத்தவர்களே பிரித்தும் வைத்தனர் என்பதைக் குறிக்க வேண்டும். வடபுலத்தில் அமீர்களின் வழியாகவே ஆட்சி நடந்தது. கிறித்தவ சமயப் பள்ளிகள் அங்கே கட்டுப்படுத்தப்பட்டன. தெற்கிலோ ஆங்கிலப் பள்ளிகள் பெருகின. இதனால் வடக்கில் எழுத்தர் வேலைக்கும், இருப்புப்பாதைப் பணிக்கும், அஞ்சல் நிலையத்துக்கும் ஆங்கிலம் கற்ற தென்னவர், குறிப்பாக இக்போ மக்கள், திரளாகச் சென்றனர். அவர்கள் கானோ முதலிய நகரங்களின் பழைய கோட்டைச் சுவருக்கு வெளியே, ‘சபோன் காரி’ என்னும் பகுதிகளில் குடியிருந்தனர். ஹௌசா மொழியில் அதற்குப் ‘புது ஊர்’ என்று பொருள். எழுத்து வேலை தேடித் தில்லிக்கும் பம்பாய்க்கும் இரயிலேறிய நம் பாட்டன்மாரின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் முன்னோர் மொழியும் உணவும் கோயிலும் கருதி விரும்பி ஒன்றாகக் குடியமர்ந்தனர். இக்போ மக்களை ஆட்சியாளரே ஒதுக்கி அமர்த்தினர். வந்தவன் வேறு, ஊரான் வேறு என்னும் கோடு அங்கே அரசாங்கத்தின் கையாலேயே வரையப்பட்டுவிட்டது.

மொழியே எல்லையாதல்

விடுதலைப் போராட்டக் காலத்திலேயே இந்தியத் தலைவர்கள் மொழியின் ஆற்றலை உணர்ந்தனர். 1920-இல் நாகபுரியில் கூடிய காங்கிரஸ், தன் மாகாணக் குழுக்களை மொழிவாரியாக அமைக்க முடிவு செய்தது. ஆனால் நாடு பிளவுண்ட துயரத்தைக் கண்ட பின் அத்தலைவர்களே தயங்கினர். 1948-இல் அமைந்த தார் குழுவும், அதனையடுத்து நேரு, பட்டேல், பட்டாபி சீதாராமையா மூவரும் அமைந்த குழுவும் மொழிவழிப் பிரிவினைக்கு அப்போது காலம் கனியவில்லை என்றே கூறின.

காலத்தைக் கனிவித்தது ஓர் உயிர்ப்பலி. 1952 அக்டோபர் மாதம் சென்னையில் பொட்டி ஸ்ரீராமுலு ஆந்திர மாநிலம் வேண்டி உண்ணாநோன்பு தொடங்கினார். 58 நாட்களுக்குப் பின் டிசம்பர் 15-ஆம் நாள் உயிர் நீத்தார். ஆந்திர நாடு கொந்தளித்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. அவ்வாண்டின் இறுதியில் பசல் அலி தலைமையில், குன்ஸ்ருவும் பணிக்கரும் உறுப்பினராக, மாநிலச் சீரமைப்புக் குழு அமைந்தது. அக்குழுவின் அறிக்கை 1955-இல் வெளிவந்தது. 1956 நவம்பர் முதல் நாள் இந்தியாவின் படம் மாறியது: 14 மாநிலங்கள், 6 நடுவண் ஆட்சிப் பகுதிகள்.

கோடு எங்கே விழ வேண்டும் என்பதில் நம்மவருக்கும் இழப்பும் ஈட்டமும் இருந்தன. சென்னை நகரின் மீது ஆந்திரர் உரிமை கோரியபோது ம. பொ. சிவஞானம் முதலியோர் அதனைக் காக்கப் போராடினர். மார்ஷல் நேசமணி முதலியோரின் தலைமையில் தென் திருவிதாங்கூர்த் தமிழர் நடத்திய போராட்டத்தில் 1954-இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் 1956-இல் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருத்தணி 1960 ஏப்ரலில் வந்து சேர்ந்தது. திருப்பதி வரவில்லை. தேவிகுளம், பீர்மேடு மலைப்பகுதிகளும் கேரளத்திலேயே நின்றன. அம்மலைகளில் தமிழர் மிகுதியாக வாழ்ந்தும், அவர்களுள் பலர் தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைப்புத் தேடி வந்தவர்களே என்ற வாதம் அப்போது எழுப்பப்பட்டது. வந்தவனா, இருப்பவனா என்னும் கேள்வி நம் மாநில எல்லையைத் தீர்மானித்த நாளிலேயே நம்மை நோக்கி எழுந்தது என்பதை மறத்தல் ஆகாது.

மூன்று கால் முக்காலி

நைஜீரியா 1960 அக்டோபர் முதல் நாள் விடுதலை பெற்றது. அப்போது அங்கே மூன்றே மண்டலங்கள் இருந்தன: வடக்கு, மேற்கு, கிழக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய இனமும், அவ்வினத்தைச் சார்ந்த ஒரு பெரிய கட்சியும் கோலோச்சின. வடமண்டலம் மட்டுமே மக்கள் தொகையில் பாதிக்கு மேலும், நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கும் கொண்டிருந்தது. ஒரு கால் மட்டும் பெருத்த முக்காலி எங்ஙனம் நிலைத்து நிற்கும்?

மேற்கு மண்டலத் தலைவரான அவலோவோ, விடுதலைக்கு முன்பே, 1947-இல் எழுதிய நூலில், இனமும் மொழியும் தழுவிய கூட்டாட்சி வேண்டும் என்று வாதிட்டார். சிறுபான்மை இனத்தார் தமக்குத் தனி மாநிலம் வேண்டினர். ஆங்கில அரசு 1957-இல் வில்லிங்க் தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. அச்சங்கள் உண்மையானவை என்று கண்ட அக்குழு, அவற்றிற்கு மருந்து புதிய மாநிலங்கள் அல்ல என்று கூறிவிட்டது. இங்கே பசல் அலி குழு கதவைத் திறந்த சில ஆண்டுகளுக்குள் அங்கே வில்லிங்க் குழு கதவைச் சாத்தியது. 1963-இல் மேற்கிலிருந்து நடுமேற்கு மண்டலம் ஒன்று பிரிந்தது தவிர, பழைய அமைப்பே நீடித்தது.

அக்காலத்தில் நைஜீரியாவுக்கு வேறொரு வழியும் திறந்திருந்தது என்பதற்கு இரு சான்றுகள் உண்டு. இக்போ இனத்தவரான அசிக்கிவே வடக்கே சுங்கேரு என்னும் ஊரில் பிறந்தவர்; ஹௌசா, யோருபா, இக்போ மூன்றும் பேசியவர். அவர் 1951-இல் யோருபா மக்களின் லாகோஸிலிருந்து மேற்கு மண்டலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதுபோலவே, கிழக்கே இக்போ மக்களின் தலைநகரான எனுகுவில் 1950-களில் வடபுலத்து ஃபுலானி இனத்தவரான உமரு அல்தீனே நகரத் தலைவராக விளங்கினார். ஆனால் அசிக்கிவேயின் கட்சிக்கு மேற்கில் ஆட்சி கிட்டவில்லை. மத்திய மன்றத்துக்கும் அவரை மேற்கு மன்றம் அனுப்பவில்லை. அவர் கிழக்குக்குத் திரும்பி அம்மண்டலத்தின் முதல்வரானார். பின்னர் நாட்டின் முதற் குடியரசுத் தலைவராகவும் விளங்கிய அத்தகைய மனிதரே பிறந்த மண்ணையும் வாழ்ந்த நகரையும் விட்டுத் தம் இனத்தவரிடம் தஞ்சம் புகுந்தார் என்றால், எளிய எழுத்தர் என்ன செய்வார்?

சட்டமும் அதே திசையில் சென்றது. வடமண்டல அரசு தன் அலுவலகங்களில் வடவருக்கு முதலிடம் அளித்தது; வடவர் கிடையாவிடில் தென்னவரை விட ஆங்கிலேயரையே ஏற்றது. 1962-இல் இயற்றப்பட்ட அம்மண்டல நிலச்சட்டம், வடபுலத்துப் பூர்விக இனம் ஒன்றைச் சேர்ந்த தந்தைக்குப் பிறந்தவனே உள்நாட்டான் என்று வரையறுத்தது. நாற்பதாண்டு கானோவில் வாழ்ந்த இக்போ வணிகரும் அந்நிலத்தில் அயலாரே ஆனார்.

ஓடி வந்தவர்கள்

1966 ஜனவரி 15-ஆம் நாள் இளம் இராணுவ அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்க முயன்றனர். அவர்களுள் பலர் இக்போ இனத்தவர்; கொல்லப்பட்ட தலைவர்களுள் பலர் வடவர். பின் ஆட்சிக்கு வந்த தளபதி இரான்சியும் இக்போ. மே மாதம் அவர் மண்டலங்களைக் கலைத்து ஒற்றையாட்சியை அறிவித்தபோது, இனி எல்லா வேலையும் தென்னவருக்கே என்னும் அச்சம் வடபுலத்தில் தீயெனப் பரவியது. ஜூலையில் எதிர்ப்புரட்சி, இரான்சி கொல்லப்பட்டார். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சபோன் காரிகளில் வாழ்ந்த இக்போ மக்கள் கூட்டங்கூட்டமாகக் கொலையுண்டனர். மாண்டவர் பல்லாயிரவர். உயிர் தப்பியோர் இலட்சக்கணக்கில் இரயில்களிலும் லாரிகளிலும் கிழக்கே ஓடினர். அவர்களிற் பலர் பாட்டன் பிறந்த கிராமத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டனர்.

1967 மே 27-இல் கோவன் அரசு நாட்டை 12 மாநிலங்களாகப் பிரித்தது. மூன்று நாள் கழித்து ஓஜுக்வு கிழக்கு மண்டலத்தைப் பயாஃப்ரா என்னும் தனி நாடாக அறிவித்தார். ஜூலையில் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1970 ஜனவரி 15-இல் முடிந்தது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று மதிப்பிடுவர். அவர்களிற் பெரும்பாலோர் உணவின்றி மடிந்தோர். அவர்களுள்ளும் குழந்தைகள் மிகப் பலர். இந்தியாவில் உண்ணாநோன்புக்கும் கலவரத்துக்கும் பின் வந்த மாநிலப் பிரிவினை, அங்கே படுகொலைக்குப் பின், போரின் வாயிலில் வந்தது. பத்தாண்டு முன்னதாக வந்திருப்பின் போர் நேர்ந்திராது என்று அறுதியிட்டுக் கூற இயலாது. ஆனால் ஒரு பெருமண்டலத்தின் ஆதிக்கம் பற்றிய அச்சத்துக்கு அது முன்பே மருந்தாகியிருக்கும்.

போர் முடிந்ததும் ஒரு செய்தி வியப்பூட்டுகிறது. கானோ முதலிய வடபுல நகரங்களில் இக்போ மக்கள் விட்டுச்சென்ற வீடுகள் பல பாதுகாக்கப்பட்டு, சேர்த்து வைத்த வாடகையுடன் அவர்களிடமே திருப்பித் தரப்பட்டன. ஆனால் அவர்களுக்கு அண்டை நகரமான ஹார்க்கோர்ட் துறைமுகத்தில், புதிதாகத் தோன்றிய ஆற்று மாநிலத்தின் மண்ணில், அவர்தம் வீடுகள் ‘கைவிடப்பட்ட சொத்து’ எனப்பட்டு நெடுங்கால வழக்குக்கு உள்ளாயின. நேற்றுவரை ஒரே மண்டலத்தார், எல்லை மாறியதும் அயலார் ஆயினர். எல்லையை எத்தனை முறை மாற்றினாலும், எல்லைக்குள் யார் உரியவர் என்னும் வரையறை மாறாதவரை துன்பம் இடம் மாறுமேயன்றித் தீராது.

பின் வந்த வரலாறு இதனை மெய்ப்பிக்கிறது. 12 மாநிலங்கள் 1976-இல் 19 ஆயின; 1987-இல் 21; 1991-இல் 30; 1996-இல் 36. நாட்டின் நடுவே, எந்தப் பேரினத்துக்கும் உரியதல்லாத நிலத்தில் அபுஜா என்னும் புதுத் தலைநகரை எழுப்பி, 1991-இல் அங்கே ஆட்சியை மாற்றினர். 1979-ஆம் ஆண்டு அரசியல் சட்டம், பதவிகள் அனைத்திலும் எல்லா மாநிலத்தாரும் இடம்பெற வேண்டும் என்னும் நல்ல கொள்கையைக் கொண்டுவந்தது. ஆனால் ஒரு மாநிலத்தார் என்பவர் யார்? 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்படி, பெற்றோரோ பாட்டன் பாட்டியோ அம்மாநிலத்துப் பூர்விகச் சமூகத்தைச் சேர்ந்தவராக இருத்தல் வேண்டும். அதே சட்டம் குடிமக்கள் அனைவரும் எங்கும் வாழும் உரிமையைக் காக்குமாறு அரசுக்குக் கூறுகிறது. பிறப்பிட வேற்றுமை கூடாதென்றும் விதிக்கிறது. ஒரு கை கொடுப்பதை மறு கை வாங்கிக்கொள்கிறது. உள்ளாட்சி அலுவலகம் தரும் பூர்விகச் சான்றிதழ் இன்றிக் கல்லூரி இடமும் அரசு வேலையும் பெறுதல் அங்கே அரிதாயிற்று.

ஜோஸ் நகரம் இதன் கொடிய விளைவைக் காட்டும். வெள்ளீயச் சுரங்கத்தால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்ந்த ஊர் அது. அங்கே பேரோம் முதலியோர் தாமே பூர்விகர் என்றனர். சுரங்க வேலைக்கு வந்த ஹௌசா மக்களின் வழித்தோன்றல்கள் தாமும் பல தலைமுறையினர் என்றனர். சமய வேற்றுமையும் உடன் சேர்ந்தது. 2001 செப்டம்பரில் ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர். 2008-இலும் 2010-இலும் மீண்டும் பலநூறு உயிர்கள் போயின.

கற்கத்தக்கதும் கற்கவொண்ணாததும்

இவ்விரு வரலாறுகளையும் பிரிப்பது எது? இந்தியாவில் மாநிலத்தின் அடையாளம் மொழியோடு பிணைந்தது. நைஜீரியாவில் அது குருதி வழியோடு பிணைந்தது. மொழி கற்கத்தக்கது. சென்னைக்கு வந்த ஆந்திரர் தமிழ் கற்றுத் தமிழராகவே வாழ்கிறார். மாதுங்காவில் வாழும் தமிழர் மராத்தி கற்று அந்நகரத்து வழக்கில் வாதாடுகிறார். பாட்டனை யாரும் கற்றுப் பெற முடியாது.

இரண்டாவதாக, நம் அரசியல் சட்டம் மாநிலத்துக்கெனத் தனிக் குடியுரிமை வகுக்கவில்லை. 16-ஆம் பிரிவு பிறப்பிடம் கருதி அரசு வேலையில் வேற்றுமை காட்டுவதைத் தடுக்கிறது. 19-ஆம் பிரிவு எங்கும் குடியமரும் உரிமையைத் தருகிறது. வசிப்பிடத் தகுதி விதிக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்குத் தாராமல் பாராளுமன்றத்துக்கே வைத்தனர். மாநிலச் சீரமைப்புக் குழுவும், எத்துணைத் திறமையாகக் கோடு வரைந்தாலும் சிறுபான்மை மொழியினர் இருந்தே தீர்வர் என்றுணர்ந்து, அவர்தம் பாதுகாப்புக்கெனத் தனியே பரிந்துரை செய்தது. அதன் பயனாக 1956-இல் 350அ, 350ஆ என்னும் பிரிவுகள் எழுந்தன. முன்னது தொடக்கப் பள்ளியில் தாய்மொழி வழிக் கல்விக்கு வசதி செய்யுமாறு கூறுவது. பின்னது மொழிச் சிறுபான்மையினருக்கென ஓர் ஆணையரை அமைப்பது. வெளிமாநிலத் தமிழ்ப் பள்ளிகளுக்காக வாதாடும் சங்கத்தார் அறிந்துவைத்திருக்க வேண்டிய பிரிவுகள் இவை.

நம் வீட்டுக் குறைகள்

இவ்வளவும் சொன்ன பின், நாம் நைஜீரியாவை விட நல்லவர் என்று மகிழ்ந்து முடித்தல் நேர்மையாகாது. 1966-இல் பம்பாயில் சிவசேனை தோன்றியபோது தென்னிந்தியர், அவர்களுள்ளும் தமிழர், முதல் இலக்காயினர். 1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்பையொட்டிப் பெங்களூரில் தமிழர் குடியிருப்புகள் எரிந்தன. 1983-இல் அசாமில் நெல்லி என்னுமிடத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் ஒரே நாளில் கொல்லப்பட்டனர். தெலங்கானாவிலோ, ஒரே மொழி பேசுவோருக்குள்ளேயே முல்கி விதி என்னும் உள்ளூரார் சலுகை 1969-இலும் 1972-இலும் பெரும் கிளர்ச்சிகளுக்குக் காரணமாயிற்று. 2014-இல் அது தனி மாநிலமாயிற்று. மொழி ஒன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதற்கு இதுவே சான்று.

சார்க்கண்டில் 1932-ஆம் ஆண்டு நிலப் பதிவேட்டில் முன்னோர் பெயர் இருப்பவரே உள்ளூரார் என வகுக்கும் முயற்சி 2002-இலும், மீண்டும் 2022-இலும் எழுந்தது. இதனைக் கேட்டதும் நமக்குச் சினம் வரும். ஆனால் ஆலைகளுக்கும் அணைகளுக்கும் தம் நிலத்தை இழந்து, எழுந்த நகரங்களில் வேலையும் பெறாது நின்ற பழங்குடியினரின் பக்கம் சென்று பார்த்தால், அச்சினத்தின் வேகம் சற்றே குறையும். பதிவேடு தவறான கருவியாகலாம், புண் உண்மையானது.

சான்றிதழ் என்பதும் நைஜீரியாவுக்கே உரியதன்று. வெளிமாநிலத்தில் படித்த நம் பிள்ளைகள் தமிழ்நாட்டுத் தொழிற்கல்லூரியில் சேர விரும்பினால் பிறப்பிடச் சான்றிதழைத் தேடித் தாசில்தார் அலுவலகம் ஏற வேண்டியிருக்கிறது. இங்கே அயலார், அங்கே சான்று இல்லாதார். இதனினும் பெரிய துன்பம் தாழ்த்தப்பட்ட வகுப்பாரைச் சார்ந்த குடும்பங்களுக்கு உண்டு. ஒரு மாநிலத்தில் பெற்ற வகுப்புச் சலுகை மறு மாநிலத்துக்குக் குடியேறியோருடன் செல்லாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வு தீர்ப்பளித்தது. சாதியின் இழிவு எல்லை கடந்து உடன் வருகிறது; அதற்கான பரிகாரம் மட்டும் எல்லையில் நின்றுவிடுகிறது. நம் சங்கங்கள் இதுபற்றி உரத்துப் பேசியதாக வரலாறு இல்லை. பேசியிருக்க வேண்டும்.

நீதிமன்றங்கள் மறுபுறமும் பேசியிருக்கின்றன. 1984-இல் பிரதீப் ஜெயின் வழக்கில், இந்தியருக்கு உள்ளது ஒரே நாட்டு வசிப்புரிமை என்னும் கொள்கையை உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. தனியார் வேலைகளிலும் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு உள்ளூராருக்கே என்று அரியானா இயற்றிய சட்டத்தை 2023-இல் பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. இழுபறி இன்னும் முடியவில்லை.

நாம் செய்யத்தக்கவை

இந்த ஒப்புநோக்கிலிருந்து நமக்கு என்ன பயன்? இக்போ மக்கள் எந்நகரம் சென்றாலும் ஊர்ச் சங்கம் அமைத்தனர். அச்சங்கங்கள் பள்ளி கட்டின. ஏழை மாணவருக்குப் பொருள் உதவின. இறந்தோரைச் சொந்த ஊருக்குக் கொண்டு சேர்த்தன. ஆபத்து வந்த நாளில் அவை அடைக்கலமும் தந்தன. ஆனால் அண்டை வீட்டாரோடு பாலம் கட்டும் பணியை அவை போதிய அளவு செய்தனவா என்பது எண்ணிப் பார்க்க வேண்டியது. சங்கம் நம்மை நமக்குள் சேர்ப்பதோடு, ஊரோடும் சேர்க்க வேண்டும். தமிழ் கற்பிக்கும் வகுப்பின் பக்கத்திலேயே, புதிதாக வந்த குடும்பங்களுக்கு இவ்வூர் மொழியைக் கற்பிக்கும் வகுப்பு ஒன்றும் நடைபெறுதல் நன்று. நம் தாய்மார்கள் காய்கறிச் சந்தையில் முன்பே கற்றுத் தேர்ந்த மொழிதான் அது. நம் மேடைகளில் மட்டும் அதற்கு இடம் குறைவு.

மற்றொன்று தாய்நாட்டைப் பற்றியது. இன்று திருப்பூரிலும் சென்னையிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர் பல்லாயிரவர் உழைக்கின்றனர். 2023 மார்ச்சில், அவர்கள் தாக்கப்படுகின்றனர் என்று பொய்யான படக்காட்சிகள் பரவி, பலர் அஞ்சி ஊர் திரும்பினர். செய்தி பொய்யென மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் அச்சம் பொய்யன்று. அந்த அச்சத்தின் சுவையை அறிந்தவர் உலகில் எவரேனும் உண்டெனில் அவர் வெளிமாநிலத் தமிழரே. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, அங்குள்ள உறவினர் அத்தொழிலாளரைப் பற்றி இழிவாக ஒரு சொல் சொன்னால், அதனை மறுத்துரைக்கும் கடமை நமக்கு உண்டு. இங்கே நாம் வேண்டும் உரிமையை அங்கே பிறருக்கு மறுப்போமாயின், இரண்டிடத்தும் நம் வாதம் தோற்கும்.

விண்ணப்பத்தாளின் கட்டம் இன்னும் நிரப்பப்படாமல் இருக்கிறது. சட்டம் கேட்கும் விடையைத் தந்தை எழுதட்டும். ஆனால் மகன் “நம் ஊர் எது?” என்று கேட்டால், பாட்டன் பிறந்த ஊரின் பெயரையும் அவன் வளரும் இவ்வூரின் பெயரையும் சேர்த்தே சொல்வோம். முன்னதன் மொழியை அவனுக்கு வீட்டில் கொடுப்போம். பின்னதன் மொழியை அவன் தெருவிலிருந்து கொண்டுவந்து நமக்குக் கொடுப்பான்.